'ஐரோப்பிய ஜல்லிக்கட்டு' என்று போட்டது சரியில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் குரோஷியா நாட்டுக் குதிரைப் போட்டி ஒன்றின் படம் வந்திருந்தது. நீலச் சட்டையும் உரோமத் தொப்பியுமாக ஒருவர் ஈட்டியை நீட்டிக்கொண்டு குதிரையில் பாய்கிறார். கீழே 'ஐரோப்பிய ஜல்லிக்கட்டு' என்று ஒரு வரி, சுற்றுலாப் பயணிகளைக் கவரும் வண்ணமிகு விழா என்று இன்னொரு வரி, அவ்வளவுதான். ஜல்லிக்கட்டு என்று போட்டால் நாலு பேர் கூடுதலாகப் படிப்பார்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்தப் போட்டியில் யாரும் எந்த மாட்டையும் அணைப்பதில்லை, குதிரையை யாரும் அடக்குவதும் இல்லை. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் மதுரைப் பக்கம் போயிருக்க வேண்டியதில்லை, நம் வடாற்காட்டிலேயே அதற்குச் சொந்தம் இருக்கிறது. தை பிறந்ததும் வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், திருப்பத்தூர் என்று ஊர் ஊராக நடக்கிற மாடு விடும் விழாதான் அது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை முதலில் அந்தப் போட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டு அப்புறம் சொல்கிறேன்.

அந்தப் போட்டிக்குப் பெயர் அல்கா. நடக்கிற ஊர் சிஞ். ஸ்ப்ளிட் என்ற கடற்கரை நகரத்திலிருந்து உள்ளே தள்ளி, செட்டினா ஆற்றுப் பகுதியில் இருக்கிற சின்ன ஊர். ஆண்டுதோறும் ஆகஸ்ட் தொடக்கத்தில் மூன்று நாள் நடக்கும், வெள்ளியும் சனியும் முன்னோட்டப் போட்டிகள், ஞாயிற்றுக்கிழமை அல்கா. ஊருக்குள்ளேயே சுமார் 160 மீட்டர் நீள ஓடுபாதை, அதன் குறுக்கே கட்டிய கயிற்றில் மூன்று மீட்டருக்கு மேல் உயரத்தில் ஓர் இரும்பு வளையம் தொங்குகிறது. குதிரை முழுப் பாய்ச்சலில் வரவேண்டும், மேலே இருப்பவர் கிட்டத்தட்ட 3 மீட்டர் நீளமுள்ள ஈட்டியால் அந்த வளையத்தைக் குத்தி எடுத்துக்கொண்டு போகவேண்டும். வளையம் என்றால் ஒரே வட்டம் இல்லை. 13 சென்டிமீட்டர் சொச்சம் அகலமுள்ள ஒரு வட்டம், அதற்குள் மூன்றரை சென்டிமீட்டரில் இன்னொரு வட்டம், இரண்டையும் மூன்று கம்பிகள் இணைக்கின்றன. நடுவட்டத்தில் ஈட்டி நுழைந்தால் 3 புள்ளி, மேல் பகுதியில் நுழைந்தால் 2, கீழே இருக்கிற இரண்டு பகுதிகளில் எதில் நுழைந்தாலும் 1, ஒன்றிலும் படாவிட்டால் ஒன்றுமில்லை. ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டம். ஆக அதிகபட்சம் 9. அந்த நடுவட்டம் எலுமிச்சம்பழம்கூடச் சிரமப்பட்டு நுழைகிற ஓட்டை, பாய்கிற குதிரை மேலிருந்து அதைக் குறிபார்த்துக் குத்துகிறார்கள். நடுவில் குத்திவிட்டால் ஊருக்கு மேலே இருக்கிற பழைய கோட்டையிலிருந்து வேட்டு போடுகிறார்கள், வாத்தியம் முழங்குகிறது. சமமாக வந்தவர்கள் மறுபடி ஓடவேண்டும். ஜெயித்தவருடைய ஈட்டியில் நாட்டின் கொடியைக் கட்டி அழைத்துப் போகிறார்கள்.

இதை ஏன் நடத்துகிறார்கள் என்பதைத் தங்கள் இணைப்பு சொல்லவே இல்லை. 1715 ஆகஸ்டில் உதுமானியப் படை, அதாவது துருக்கியர் படை, சிஞ் கோட்டையை முற்றுகையிட்டது. அப்போது அந்தப் பகுதி வெனிஸ் ஆட்சியில் இருந்தது. கோட்டைக்குள் இருந்து சண்டை போட்டவர்கள் சுமார் 700 பேர்தான், வெளியே நின்றது அதைவிடப் பல மடங்கு பெரிய படை. இருந்தும் முற்றுகை முறிந்து அந்தப் படை திரும்பிப் போயிற்று. அன்னை மரியாள் காப்பாற்றினாள் என்று ஊர் நம்பியது, மாதா படத்துக்குத் தங்கக் கிரீடம் செய்து வைத்தார்கள், ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாள் அந்த ஊருக்கு இன்றைக்கும் பெரிய நாள். (வேலூர் பேராலயமும் அதே விண்ணேற்பு அன்னைக்கு உரியதுதான், நம் மக்களுக்கும் அந்தத் தேதி புதிதல்ல.) அந்த வெற்றியின் நினைவாகத்தான் அல்கா. ஊர்வலத்தில் பழைய துப்பாக்கியும் கதாயுதமும் ஏந்தி இளைஞர்கள் நடக்கிறார்கள், குதிரைவீரர்கள் பின்னால் வருகிறார்கள், நடுவில் ஒரு குதிரை மட்டும் முழு அலங்காரத்தோடு மேலே ஆள் இல்லாமல் வருகிறது. தோற்றுப்போன உதுமானியத் தளபதியிடமிருந்து பிடித்த குதிரையின் அடையாளம் அது. எதிரியின் குதிரைக்கு முந்நூறு வருடமாக ஊர்வலத்தில் இடம் கொடுத்து வருகிறார்கள் என்பது என்னைக் கொஞ்ச நேரம் யோசிக்க வைத்தது.

இந்த இடத்தில், முஸ்லிம்கள் நிறைந்த மேல்விஷாரத்திலோ வாணியம்பாடியிலோ இருந்து படிப்பவருக்கு ஒரு நெருடல் வரலாம். துருக்கியரை வென்றதைக் கொண்டாடும் விழாதானே, இதை நாம் ஏன் பாராட்டவேண்டும் என்று ஆற்காட்டு நண்பர் ஒருவரும் கேட்டார். கேள்வி நியாயமானது, அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. வெற்றி விழா எதுவாக இருந்தாலும் அதில் தோற்றவன் ஒருவன் இருக்கிறான். அவனை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துத்தான் நான் மதிப்புப் போடுவேன், அந்த வகையில் ஆளில்லாத அந்தக் குதிரை எனக்குப் பரவாயில்லை என்று தோன்றுகிறது. ஆனால் அந்த நண்பரிடம் நான் சொன்னது வேறு. அந்த முற்றுகைக்குப் பத்து மாதம் முன்னால், 1714 அக்டோபரில், நம் பக்கத்திலும் ஒரு குதிரைவீரன் பெரிய படைக்கு எதிராகச் சின்னக் கூட்டத்தோடு போனான். செஞ்சி தேசிங்கு ராஜன். எதிரில் நின்றவர் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான். சிஞ்சில் சின்னப் படை பிழைத்தது, செஞ்சியில் அழிந்தது. தேசிங்கு செத்தான், அவனோடு சேர்ந்து சண்டை போட்ட நண்பன் மகபத்கானும் செத்தான். யாருக்கும் அடங்காத குதிரையைத் தேசிங்கு அடக்கியதும், மகபத்கான் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து போருக்கு வந்ததும் கதைப்பாடலில் வரும். தேசிங்கின் ராணி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக, ஜெயித்த நவாபே பாலாற்றுக் கரையில் ஓர் ஊரை உண்டாக்கினார், அதுதான் ராணிப்பேட்டை என்று சொல்வார்கள். உடன்கட்டையைப் பெருமைப்பட நான் சொல்லவில்லை. ஆனால் தோற்ற ராஜாவுடைய ராணியின் பெயரில் இன்றைக்கு ஒரு மாவட்டமே இருக்கிறது, கதையில் இந்துவுக்காக முஸ்லிம் செத்திருக்கிறான், இதைவிட நல்ல கதை சிஞ் ஊருக்குக்கூடக் கிடைக்கவில்லை.

கதை நம்மிடம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கதையை வருடத்துக்கு ஒருமுறை தெருவுக்குக் கொண்டுவருகிற ஏற்பாடுதான் இல்லை. தேசிங்கு கதையைப் பாடுகிறவர்களும் கூத்தாக ஆடுகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் கூப்பிட்டால்தான் உண்டு. குதிரையில் பாய்கிற வீரனைப் பார்க்கவேண்டுமென்றால் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குப் போகவேண்டும், அங்கே தூணுக்குத் தூண் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற குதிரைகள், மேலே வீரர்கள், எல்லாம் கல்.

சிஞ் ஊரில் இது எப்படி முந்நூறு வருடம் தாண்டி ஓடுகிறது என்று தேடிப் படித்தேன். பெரிய ரகசியம் எதுவும் இல்லை. போட்டியின் விதிகளை 1833-இலிருந்தே எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் பாய்ச்சலில் வரவேண்டும், எங்கே பட்டால் எத்தனை புள்ளி, சமமானால் என்ன செய்வது, யார் தீர்ப்புச் சொல்வது, வீரன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில். போட்டியை நடத்துவது ஊர்க்காரர்களுடைய சங்கம். ஓட்டுகிறவர்கள் சிஞ் ஊரையும் செட்டினா பகுதியையும் சேர்ந்த குடும்பத்தவராக இருக்கவேண்டும், வெளியிலிருந்து பணம் கொடுத்துக் கெட்டிக்காரனைக் கூட்டிவர முடியாது. உடைகளையும் ஆயுதங்களையும் சேணங்களையும் ஊர்க் குடும்பங்களே பாதுகாத்து, கிழிந்தால் தைத்து, ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்து, இல்லாததைப் புதிதாகச் செய்து வைக்கிறார்கள். பையன்களுக்கென்று தனியாக ஒரு சிறுவர் அல்காவும் உண்டு, குதிரை இல்லாமல் காலால் ஓடிவந்து சின்ன ஈட்டியால் குத்துவார்கள். 2015-இல் 300 ஆண்டு நிறைவை ஒட்டி ஒரு அருங்காட்சியகமும் திறந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் வராமலில்லை, வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். ஆனால் அவர்களுக்காக நடப்பது அல்ல.

எழுதி வைப்பதால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு அதே நாட்டிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. குரோஷியக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஒருகாலத்தில் இப்படிப்பட்ட வீரப் போட்டிகள் நடந்தன, 19-ஆம் நூற்றாண்டோடு நின்றுபோயின. விடாமல் நடந்துகொண்டிருப்பது சிஞ் ஊர் அல்கா மட்டும்தான். ஆனால் இஸ்திரியா பகுதியில் பார்பன் என்று ஓர் ஊர், அங்கேயும் குதிரையில் வந்து வளையத்தைக் குத்துகிற போட்டி 1696-இல் நடந்ததாக ஏட்டில் இருந்தது. அந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டு 1976-இல் மறுபடியும் ஆரம்பித்தார்கள், இன்றுவரை நடத்துகிறார்கள். அந்த ஏடு இல்லாமல் போயிருந்தால் பார்பன்காரர்களுக்கு எதை வைத்து ஆரம்பிப்பது என்றே தெரிந்திருக்காது.

இப்போது நம் மாட்டுக்கு வருகிறேன். தெற்கே காளையை அவிழ்த்துவிட்டதும் ஆள் பாய்ந்து திமிலைப் பிடிக்கிறான், அது வேறு ஆட்டம். இங்கே ஒரு தெரு, இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை கட்டிய தடுப்பு, வாடியிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு காளை, கோட்டைத் தாண்டும்வரை ஓடுகிற நேரம் மட்டும் கணக்கு. யார் யாரை அடக்கினார்கள் என்ற பேச்சே இல்லை, எந்தக் காளை எத்தனை விநாடியில் வந்தது என்பதுதான் பேச்சு. சிஞ் ஊரிலும் ஒரு தெரு, ஒரு நேரத்தில் ஒரு குதிரை, ஊரே இரண்டு பக்கமும் நின்று பார்க்கிறது, கடைசியில் ஓர் எண். இவ்வளவு பொருத்தம் இருக்கும்போது ஜல்லிக்கட்டு என்று எழுதினால் எங்கள் பக்கத்து ஆட்கள் சும்மா இருப்பார்களா?

ஆனால் பொருத்தம் அத்தோடு முடிந்துவிடுகிறது. அவர்களிடம் விதி இருக்கிறது, பதிவு இருக்கிறது, நம்மிடம் பிளெக்ஸ் பேனர் இருக்கிறது. ஓர் ஊரில் ஓடுகிற தூரம் ஒன்று, அடுத்த ஊரில் வேறு. ஓர் ஊரில் கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார்கள், இன்னோர் ஊரில் டிஜிட்டல் கருவி வாடகைக்கு எடுப்பார்கள், கருவி சொன்னதை ஒத்துக்கொள்ளாமல் செல்போன் வீடியோவைக் காட்டிச் சண்டை போடுவார்கள். பரிசு மட்டும் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகிறது, முதலில் வேட்டி துண்டும் குத்துவிளக்கும் என்று இருந்தது, அப்புறம் பணம், அப்புறம் பைக். பரிசு ஏற ஏற உள்ளூர்க் காளையைவிட, லாரியில் ஏறி மாவட்டம் விட்டு மாவட்டம் சுற்றுகிற காளைகள்தான் அதிகம் ஜெயிக்கின்றன. விலை கொடுத்து வாங்கி, ஒரு சீசன் ஓட்டி, அடுத்த சீசனுக்குள் விற்றுவிடுகிற ஆட்களும் வந்துவிட்டார்கள். காளையைக் கன்றிலிருந்து வளர்த்தவன் கடைசி வரிசையில் நிற்கிறான். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் பத்துப் பதினைந்து வருடம் முன்னால் முதல் பரிசு வாங்கிய காளை எது, யாருடையது என்று கேட்டுப் பாருங்கள், நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள், விழாக்குழு நோட்டைக் கேட்டால் பழைய குழுவிடம் இருக்கிறது என்பார்கள், பழைய குழுவைக் கேட்டால் கரையான் அரித்துவிட்டது என்பார்கள்.

சட்டம் இருக்கிறதே என்று யாராவது சொல்லக்கூடும். இருக்கிறது, நல்லது. 2014 மே மாதம் உச்சநீதிமன்றம் தடை போட்டதும், 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியதும், அதன்பிறகு வந்த தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தமும், அதை 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லும் என்று சொன்னதும் எல்லாருக்கும் தெரியும். ஜல்லிக்கட்டு என்ற ஒரே சொல்லுக்குள் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா எல்லாவற்றையும் அந்தச் சட்டம் அடக்கிவிட்டது. அதனால்தான் நமக்கும் அனுமதி கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த விதிகள் எதற்காக எழுதப்பட்டவை? மாட்டைத் துன்புறுத்தக் கூடாது, ஆள் சாகக் கூடாது, தடுப்பு கட்டு, மருத்துவரை வை, ஆட்சியரிடம் அனுமதி வாங்கு. எல்லாம் வேண்டியதுதான். தடுப்புக்கு உள்ளே இறங்கி நின்று ஓடுகிற காளையின் முதுகில் தட்டுகிற பையன்கள் வருடா வருடம் குத்துப்பட்டு அடுக்கம்பாறை ஆஸ்பத்திரிக்குப் போவதைப் பார்க்கிறவனாகச் சொல்கிறேன், அதில் இன்னும் கண்டிப்பு வேண்டும். ஆனால் ஓட்டத் தூரம் எவ்வளவு, நேரத்தை எப்படி எடுப்பது, உள்ளூர்க் காளைக்குத் தனிப் பரிசா, பதிவேட்டை யார் வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் தாசில்தார் எழுத மாட்டார். அதை ஊர்கள்தான் கூடி எழுதவேண்டும். சிஞ் ஊர்க்காரர்கள் தாங்களாகவே செய்துகொண்டது அதுதான், நாம் அதைச் செய்யவில்லை.

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அல்காவில் ஓட்டுகிறவர்கள் எல்லாம் ஆண்கள்தான். பாரம்பரியம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். நம்மிடமும் லட்சணம் ஒன்றுதான், காளைக்குத் தண்ணீர் காட்டி, தவிடு வைத்து, வருடம் முழுக்கச் சாணி அள்ளுகிறவள் வீட்டுப் பெண், மேடையில் மாலை போட்டுக்கொண்டு பைக் சாவி வாங்குகிறவன் ஆண். விதி எழுதுகிற அன்றைக்கு உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயரையும் எழுதினால் ஒன்றும் குறைந்துபோகாது.

அப்புறம் யுனெஸ்கோ. சிஞ் ஊர் அல்கா 2010-இல் மனிதகுலத்தின் வாழும் மரபுகள் பட்டியலில் சேர்ந்தது. நைரோபியில் நடந்த அதே கூட்டத்தில்தான் கேரளத்துச் சடங்குக் கூத்தான முடியேட்டும், ராஜஸ்தானின் கல்பேலியா ஆட்டமும், கிழக்கிந்தியாவின் சாவ் நடனமும் சேர்ந்தன. அண்டை மாநிலத்து முடியேட்டு போயிருக்கிறது, புரிசையிலிருந்து உலகம் முழுக்கப் போய் ஆடிவிட்டு வந்த நம் தெருக்கூத்து அதில் இல்லை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்துச் செஞ்சிக் கோட்டைக்கும் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது, சந்தோஷம்தான், கல்லுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் பட்டியலைப் பிடிக்க ஓடவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. யுனெஸ்கோ வந்து சேர்ப்பதற்கு முன்பே அல்காவுக்கு 295 வயது, சான்றிதழ் வராமலே போயிருந்தாலும் அடுத்த ஆகஸ்டில் அந்த ஊர்க்காரன் குதிரைக்குச் சேணம் பூட்டியிருப்பான்.

எனவே தங்களிடம் ஒரு கோரிக்கை. தை, மாசி மாதங்களில் தங்கள் வேலூர்ப் பதிப்பைப் புரட்டினால் மாடு விடும் விழா பற்றி இரண்டே வகைச் செய்திதான் கண்ணில் படுகிறது, 'சீறிப்பாய்ந்த காளைகள்' என்று ஒன்று, 'மாடு முட்டி வாலிபர் பலி' என்று இன்னொன்று. எந்த ஊர், ஓட்டத் தூரம் எவ்வளவு, முதல் மூன்று காளைகளின் நேரம் என்ன, அவை எந்த ஊர்க் காளைகள், வளர்த்தவர் யார் என்று நாலு வரி, கிரிக்கெட் ஸ்கோர் போடுகிற மாதிரி வாரம் ஒருமுறை ஒரு மூலையில் போடுங்கள். நேரத்தை அச்சில் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தாலே விழாக்குழுக்கள் தூரத்தை ஒழுங்காக அளக்க ஆரம்பித்துவிடும், அடுத்த ஊரோடு ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிடும், இரண்டு மூன்று சீசன் போனால் தூரத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளலாமே என்ற பேச்சு தானாக வரும். விவரங்களைச் சேகரித்து அனுப்பும் வேலையை எங்கள் பக்கத்தில் நானும் சில நண்பர்களும் செய்யத் தயாராக இருக்கிறோம், சம்பளம் வேண்டாம், பெயர் போட வேண்டாம், ஊர்ப் பெயரில் எழுத்துப்பிழை இல்லாமல் போட்டால் போதும்.

இப்படிக்கு,
குடியாத்தம் வாசகர்